மறதியா, பதியவே இல்லையா?

மாதக் கடைசி. மார்த்தாண்டம் சந்தையில் பையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டது மூன்றே சாமான். ஏத்தங்காய் ஞாபகமிருக்கிறது, மற்ற இரண்டும் வரவேயில்லை. போன் போட்டால், "காலையில ரெண்டு தடவ சொன்னேனே!" என்கிறாள் மனைவி. 48 வயதில் இப்படி நடந்தால் பயம் வரத்தானே செய்யும்?

யோசித்துப் பார்த்தால் அது மறதியே இல்லை. அவள் சொன்னபோது என் தலைக்குள் ஆபீஸ் கணக்கு முடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதை அந்த நேரத்துக்குக் கையில் வைத்துக்கொள்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் வேலை. அங்கே இடம் ரொம்பக் குறைவு, நாலைந்து விஷயம் தாங்கும். கவலை பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏத்தங்காய் உள்ளே போனதே பெரிது. போதாக்குறைக்கு, பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் அளவு மீறினால் அந்தப் பகுதியின் இணைப்புகள் கொஞ்ச நேரத்துக்குத் தளர்ந்துவிடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றவர்கள் மூளையைப் பிளந்து பார்த்ததில்லை. பார்த்த மாதிரியே சொல்லியிருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் நீளும் அழுத்தத்தின் கதை வேறு. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை விடுகிறது. கெட்ட சரக்கு இல்லை. காலையில் உடம்பைக் கிளப்பிவிடுவதில் அதற்கும் பங்குண்டு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் மாதிரிதான். முறை வைத்து விட்டால் நெல் விளையும், மதகு மூடாமலே கிடந்தால் நாற்று அழுகும். மூடச் சொல்லும் காவல்காரர்களில் ஒருவர் ஹிப்போகாம்பஸ், மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியும் அதுதான். கார்ட்டிசோல் வகை ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே இருப்பதை 1968இல் நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மக்எவன் எலி மூளையில் காட்டினார். அழுத்தம் நீடித்த எலிகளில் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதையும் பின்னால் கண்டார்கள். காவல்காரரே தளர்ந்தால் மதகை யார் மூடுவது?

சரி, வேலை கூடினாலே இப்படித்தானா? பாரம் மட்டும் ஆளை அழுத்துவதில்லை என்றார் வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காராசெக், 1979இல். பாரம் அதிகம், அதை எப்படிச் சுமப்பது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவு. இந்த இரண்டும் சேரும்போதுதான் ஆள் நொறுங்குகிறான். அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் சித்தப்பா, விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு 300 மரம் சுற்றி வருவார். எங்கே தொடங்குவது, எங்கே நின்று கட்டன்சாயா குடிப்பது எல்லாம் அவர் இஷ்டம். அவர் முகம் வாடுவது மழைக்காலத்தில்தான். வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது, வானத்தோடு சண்டை போடவும் முடியாது. எனக்கோ டார்கெட்டும் மேலிருந்து வரும், தேதியும் மேலிருந்து வரும். வருஷம் முழுக்க மழைக்காலம்.

வேலை அழுத்தம் நேரே டிமென்ஷியா என்ற மறதி நோயில் கொண்டுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு வெளியிட்ட, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 காரணங்களின் பட்டியலில் அது இல்லை. நடுவயது ரத்தக் கொதிப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது. அழுத்தம் இவற்றின் வழியாகப் பின்வாசலில் நுழையலாம். அப்புறம் தூக்கம். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்த ஆய்வில், 50, 60, 70 வயதுகளில் விடாமல் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல்.

பெரிய பரீட்சைக்கு ஒரு மாதம் உருப்போட்ட மருத்துவ மாணவர்களைச் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஓய்ந்ததும் பழையபடி ஆகிவிட்டார்கள். எங்கள் ஆபீசில் ஒரு மாதக் கணக்கு முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு நாள்கூட ஆவதில்லை.