போத்தல் லேபிளைப் படிக்கிறோம், மாத்திரைப் பட்டையை?

"பீடோங்ல போர்பன் குடிக்கிற ஆளுங்ககூட இருக்காங்களா?" என்று பினாங்கில் வேலை செய்யும் சக மருந்தாளர் ஒருவர் சிரித்தார். பீடோங், மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர்; போர்பன், மக்காச்சோளம் சேர்த்துச் செய்யும் அமெரிக்க விஸ்கி. தோட்டப் பட்டணம் என்றால் கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் தாமான்களில் (குடியிருப்புகளில்) சனிக்கிழமை இரவு ஒரு சுற்று வந்து பார்த்தால் தெரியும். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), இடைநிலைப்பள்ளி ஆசிரியர், கூலிம் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் தம்பி, ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீன நண்பர் என நாலைந்து பேர் வீட்டு முன்புறம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு புதுப் போத்தல். பெரும்பாலும் லங்காவிக்குப் போய் வந்த யாராவது வரியில்லாக் கடையில் வாங்கி வந்ததாக இருக்கும்.

நானும் அந்த மேசையில் உட்காருகிறவன்தான். ஆகவே 'குடி குடியைக் கெடுக்கும்' என்று இங்கே பிரசங்கம் வராது. பகலெல்லாம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு, இரவில் அந்த மேசையில் சில விஷயங்கள் உறுத்துகின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

அண்மையில் வந்தது 'பேரல் ப்ரூஃப்' வகை. பீப்பாயிலிருந்து எடுத்ததை, தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைக்காமல் அப்படியே அடைத்தது. போத்தல் ஆசிரியர் கைக்குப் போனால் வகுப்பு தொடங்கிவிடும். போர்பன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் கலனில் ஊற வேண்டும். கலனுக்குள் இறக்கும்போது வீரியம் 62.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சாயம், வாசனை எதுவும் சேர்க்கக் கூடாது. கெண்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. அமெரிக்காவில் எங்கே செய்தாலும் சரி. 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே இதைத் தங்கள் நாட்டுக்கு உரிய தனிப் பொருள் என்று தீர்மானம் போட்டது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று லேபிளில் இருந்தால் அது 1897-இல் வந்த சட்டத்தைப் பின்பற்றுவது: ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 விழுக்காடு. கலப்படச் சரக்கு பெருகிப்போன காலத்தில் வாங்குபவனைக் காப்பாற்ற வந்த சட்டம் அது.

இவ்வளவும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். அவரோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். கெண்டக்கியின் கோடைச் சூட்டில் கிடங்கின் மேல்தட்டில் இருக்கும் பீப்பாயிலிருந்து தண்ணீர் வேகமாகப் போய்விடும். சாராயத்தின் பங்கு கூடிவிடும். 62.5-இல் உள்ளே போனது 65-ஆகி வெளியே வருவதும் உண்டு.

மோந்து பார்க்கும்போதுதான் கச்சேரி களைகட்டும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கிளாசை மூக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். மூக்கை உள்ளே விட்டால் சாராய நெடி அடித்து வேறெதுவும் தெரியாது. தம்பி "கூலா மலாக்கா" (தென்னை வெல்லம்) என்றார். சீன நண்பருக்குத் தேங்காய். இரண்டும் சரிதான். மரத்திலுள்ள சர்க்கரைப் பொருள்கள் தீயில் கருகிச் சர்க்கரைப்பாகு வாசம் தருகின்றன. ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் வாசனை. லிக்னின் உடைந்து வனிலின் வரும். கிராணி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "இது நம்ம ஸ்மோக் ஹவுஸ் வாடைப்பா. ஷீட்டு காயப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, புகை வாடை ஸ்காட்லாந்து சரக்குல வரும். இது கருக்குன பீப்பா, புகை போட்டதில்ல" என்றார். நான் கிராணி கட்சி. கருக்கிய ஓக்கிலிருந்து குவாயகால் என்றொரு பொருள் ஊறி வருகிறது; விறகுப் புகையிலும் அதுதான் இருக்கிறது. ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு வளர்ந்த மூக்கு பொய் சொல்லவில்லை.

சரி, உறுத்தலுக்கு வருகிறேன். லேபிளில் இத்தனை படித்தோமே, அதே லேபிளில் இருக்கும் வீரிய எண்ணை யாராவது கிளாசோடு சேர்த்துக் கணக்குப் போட்டோமா? இருமல் மருந்தோடு வரும் 30 மில்லி பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைக் கொண்டுபோய், அவரவர் வழக்கமாக ஊற்றும் அளவை ஊற்றச் சொல்லி அளந்தேன். ஒருவருடைய அளவுகூட 30-க்குள் அடங்கவில்லை. கிராணியின் "கொஞ்சூண்டு" கோப்பையை இரண்டு முறை நிரப்பியது.

60 மில்லி, 62 விழுக்காடு. மில்லியை விழுக்காட்டால் பெருக்கி, சாராயத்தின் அடர்த்தியான 0.79-ஆல் மறுபடி பெருக்கினால் கிராம் வரும்: ஏறக்குறைய 29 கிராம் சுத்தச் சாராயம். 5 விழுக்காடு பீர் 330 மில்லி டின் ஒன்றில் இருப்பது 13 கிராம். ஆக, 'ஒரே ஒரு பெக்' என்று கையில் பிடித்திருப்பது இரண்டு டின் பீருக்கும் மேல். மருத்துவர்கள் குடிப்பழக்கத்தைக் கேட்டறியும் உலகச் சுகாதார நிறுவனப் படிவத்தில் 10 கிராம்தான் ஒரு அளவு. அந்தப் படிவத்தில் கிராணி 'ஒன்று' என்று எழுதினால் உண்மையில் அது மூன்று. சாதாரண உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். கட்டங்காப்பி குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது.

சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். அதைச் சொன்னால் எங்கள் மேசையில் அடிக்க வருவார்கள், போத்தல் விலை அப்படி. குறைந்தது தண்ணீராவது விடலாம். சில சொட்டு விட்டால் வாசனை திறக்கும். சம அளவு விட்டால் நாக்கு எரியாது, ஆனால் சாராயக் கணக்கு ஒரு கிராம்கூடக் குறையாது. மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

விலையுயர்ந்த போத்தலுக்கு நம் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. சம்சு குடிப்பவன் குடிகாரன், போர்பன் குடிப்பவர் ரசிகர். நான் இதை ஏற்கவில்லை. இந்த வட்டாரத்துக்கு மதுவை எதிர்த்துப் பேசுவதில் நீண்ட பழக்கமும் உண்டு. போருக்குப் பிறகு 1946, 47-இல் இதே பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமி தொடங்கிய தொண்டர் படை, கெடா தோட்டங்களில் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. போலீசோடு மோதல்வரை போனது. அதற்கும் முன்னால், 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. கூலியில் பாதி எங்கே போகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் கள்ளு வேறு, போர்பன் வேறு என்ற பிரிவினை கிடையாது.

இப்போது மாத்திரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 30-ஐத் தாண்டியது. எனவே எங்கள் மேசையில் ஒருவருக்காவது இனிப்புநீர் இருப்பது அதிசயமில்லை. ஆசிரியர் பத்தரை மணிக்குச் சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்து, பெக்கை வைத்துவிட்டு, தண்ணீரில் ஒன்றை விழுங்கினார். பட்டையின் பின்பக்கம் கிளிக்லசைடு. ராத்திரி சோறு சாப்பிட்டாரா என்றால் இல்லை. காச்சாங் கொறித்ததும் கோழி வறுவல் இரண்டு துண்டும்தான்.

இதில் என்ன வில்லங்கம் என்றால், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை முடுக்கிச் சர்க்கரையை இறக்கும். சாப்பாடு இல்லாத நேரத்தில் சர்க்கரையைப் புதிதாகச் செய்து இரத்தத்தில் விடுவது கல்லீரலின் வேலை. சாராயம் வந்துவிட்டால் கல்லீரல் முதலில் அதைக் கழிப்பதில் மும்முரமாகிவிடும், சர்க்கரை செய்யும் வேலை படுத்துவிடும். ஆக, பின்னிரவு இரண்டு மூன்று மணிக்குச் சர்க்கரை தடாலென விழலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே கதை. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். வீட்டம்மா என்ன நினைப்பார்? "ஏத்திக்கிட்டு வந்திருக்காரு, தூங்கட்டும்" என்று போர்வையைப் போத்திவிட்டுப் போவார். இதுதான் எனக்குப் பயம். சர்க்கரை குறைந்தவரும் போதை ஏறியவரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். விரல் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் உடனே பார்த்துவிடலாம். நினைவோடு இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ இனிப்பான சிராப்போ கொடுங்கள். எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-க்கு அழையுங்கள்.

மெட்ஃபார்மின் என்ற இன்னொரு நீரிழிவு மாத்திரையை மட்டும் எடுப்பவருக்கு இந்தச் சரிவு ஆபத்து குறைவு. ஆனால் நிறைய குடித்தால், அதிலும் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்வது வேறு தலைவலி.

தலைவலி என்றதும் பனடோல், அதாவது பாரசிட்டமால். மறுநாள் காலையில் கடை திறந்ததும் வரும் முதல் ஆள் அதைத்தான் கேட்பார். எப்போதாவது குடிப்பவர் அளவோடு இரண்டு மாத்திரை போட்டால் பெரிய ஆபத்தில்லை. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் கதை வேறு. அவர் கல்லீரலில் ஒரு நொதி மிகுந்துபோய், பாரசிட்டமாலை நச்சுப் பொருளாக மாற்றும் வேலை கூடியிருக்கும். அதை முறிக்க வேண்டிய குளுட்டாதயோனும் குறைந்திருக்கும். அதற்குப் பதில் பொன்ஸ்தானோ டைக்ளோஃபெனாக்கோ என்று வேறு வலி மாத்திரை வாங்கிப் போட்டால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். முட்டிவலிக்கு ஆண்டுக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே பெக்கும் போடும் பழைய பால்வெட்டுத் தொழிலாளிகள் பலர் இங்கே உண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

பல் பிடுங்கியபின் கொடுக்கும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுக்கும்போது ஒரு சொட்டுகூட வேண்டாம், முடிந்தும் இரண்டு நாள் பொறுங்கள். தூக்க மாத்திரை, டிரமடோல் என்ற கடும் வலி மாத்திரை இரண்டும் குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். பிரிடோன் (Piriton) மாதிரி சளி மாத்திரை அந்த அளவு மோசமில்லை என்றாலும் வண்டி ஓட்டுபவரைத் தூங்க வைத்துவிடும்.

சீன நண்பருக்கு இரண்டாவது வாயிலேயே முகம் சிவந்துவிடும். எல்லாரும் கிண்டல் செய்வோம். கிழக்காசிய வம்சாவளியினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சாராயம் உடைந்து வரும் அசிட்டால்டிகைடைக் கழிக்கும் நொதி சரியாக வேலை செய்யாது. அந்தப் பொருள் உடம்பில் தேங்குவதால்தான் சிவப்பும் படபடப்பும். அப்படிப்பட்டவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சிவக்காமல் இருக்க ஃபமோட்டிடின் என்ற வயிற்று அமில மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடிக்கும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. மாத்திரை சிவப்பை மறைக்கும், நச்சைக் கழிக்காது. உடம்பு போடும் பிரேக்கைக் கழற்றி வைப்பதற்குச் சமம் அது. கேட்டு வந்தால் நான் விற்பதில்லை.

போலிச் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் செலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் வாயில் வேறுபாடு காட்டாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். நல்ல சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதனால் மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, கண்முன் வெள்ளையாகப் பனிமூட்டம், மூச்சிரைப்பு என்று வந்தால் 'ஹேங்ஓவர்' என்று படுத்துவிடக் கூடாது. நெருப்பு வைத்து நிறம் பார்க்கும் வித்தையை நம்பவே நம்பாதீர்கள். உள்ளூர்க் கடையில் வாங்கினால் சுங்கத்துறை வரி முத்திரையைப் பாருங்கள், மூடி திறந்து ஒட்டியதா என்று பாருங்கள். யாரோ காரில் வைத்து பாதி விலைக்கு விற்கும் அரிய போர்பன், அரியதாகவே இருக்கட்டும். காலியான உயர்ரகப் போத்தலை லேபிளோடு பழைய சாமான்காரரிடம் கொடுக்காமல் கிழித்துவிட்டுப் போடுவது என் வழக்கம். போலி அடைப்பவனுக்கு அந்தப் போத்தல்தான் மூலதனம்.

வண்டி விஷயத்தில் சுருக்கமாக: 2020 அக்டோபர் 23 முதல் இரத்தத்தில் அனுமதி 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். முன்பு 80 இருந்தது. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை. கிராணியின் 'கொஞ்சூண்டு' இரண்டு போட்டவர் அடுத்த தாமானுக்கு மோட்டார் சைக்கிளில் போவதும் இதில் அடக்கம்.

கவுண்டரில் நான் "குடிப்பீங்களா அண்ணே?" என்று கேட்டால், மனைவி பக்கத்தில் நிற்பதால் "சேச்சே, இல்ல தம்பி" என்று சொல்கிறவர்கள்தான் பாதிப் பேர். புரிகிறது. அப்போது சொல்ல முடியாவிட்டால் பிறகு கடைக்குப் போன் போட்டு, என்ன சரக்கு, எத்தனை விழுக்காடு, வாரத்தில் எத்தனை நாள், எந்த மாத்திரை எந்த நேரம் என்று சொல்லிவிடுங்கள். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா, மருந்தையே மாற்றச் சொல்லி டாக்டருக்குக் கடிதம் தர வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். ஆசிரியர் அப்படித்தான் சொன்னார். அவருடைய டாக்டர் கிளிக்லசைடை எடுத்துவிட்டு வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். இப்போது அவர் வீட்டில் சனிக்கிழமை சோறு எட்டு மணிக்கே பரிமாறியாகிவிடுகிறது.