ஹாம் வானொலியில் டிஜிட்டல் முறைகள்: உரிமத்தின் இணைப்புத் தாளை முதலில் படியுங்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர், அரசு உரிமத்தோடு பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் (அமெச்சூர்) வானொலிக்கான தேர்வில் தேறினார். தேறிய மகிழ்ச்சியில், கணினி வழியாகக் குறுஞ்செய்திகளை வானொலியில் அனுப்பும் எஃப்டி8 மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி, பழைய வானொலி ஒன்றுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். அழைப்புக்குறி (உரிமத்தோடு வரும் தனி அடையாளக் குறி) வந்ததா என்று கேட்டேன். "தேறிவிட்டேனே, இந்த மாதம் வந்துவிடும்" என்றார். அது வர ஓராண்டுக்கு மேல் ஆனது. நடுவில் விளக்கம் கேட்டு வந்த கடிதம் அவர் காலி செய்துவிட்டுப் போன விடுதிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. கோப்பு அங்கேயே நின்றது. ஏன் நிற்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் போனார். மூன்று முறையும் வேறு வேறு ஆட்கள் "டெல்லியில் கேளுங்கள்" என்றார்கள்.

இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அமெச்சூர் வானொலிக்கு 1978-ஆம் ஆண்டின் விதிகள் அடிப்படை. உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வானொலி அதிர்வெண்களை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளம் வழியாகப் போகிறது. 12 வயது நிரம்பியிருந்தால் போதும், பட்டம் எதுவும் வேண்டாம். பொறியாளர்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு வகை. முதல் வகைக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, இரண்டாவதற்கு வி.யு.2. ஜெனரல் வேண்டுமானால் நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தேர்வும் உண்டு.

தேர்வில் தேறியதும் கிடைப்பது நிலையத்தை இயக்குபவருக்கான (ஆபரேட்டர்) சான்றிதழ். அது உங்களுக்கு இயக்கத் தெரியும் என்பதற்கான சான்று மட்டுமே. அலையை வானில் விட அனுமதிப்பது உரிமம். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்களே அதிகம். உரிமம் கையில் இல்லாமல், அலையை அனுப்பக்கூடிய வானொலிப் பெட்டியை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். 1933-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. எனவே முன்பணம் கொடுக்காதீர்கள். இணையக் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கைப்பெட்டியும் (வாக்கி டாக்கி) இதில் அடக்கம். கடை விற்கிறது என்பதால் நீங்கள் வைத்திருக்கலாம் என்று பொருள் இல்லை. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளில் வாக்கி டாக்கி விற்பனைக்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட வேண்டி வந்தது. அந்த அளவுக்கு மக்கள் விவரம் தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள்.

வளைகுடாவில் வேலை செய்யும் உறவினர் ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் வைத்து ஒரு வானொலியைக் கொண்டுவருவது இன்னொரு பழக்கம். ஹாம் உரிமம் என்பது இறக்குமதி அனுமதி ஆகாது. அந்த அனுமதியைத் தனியாக, பொருள் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்க வேண்டும். சுங்கத்தில் பறிபோன வானொலியைத் திரும்ப வாங்க அலைவது, புதிதாக ஒன்று வாங்குவதைவிடச் செலவு வைக்கும்.

இப்போது டிஜிட்டல் முறைக்கு வருகிறேன். சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

உரிமம் வந்ததும் எல்லோரும் அழைப்புக்குறியைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். இணைப்புத் தாளைப் படிப்பவர் குறைவு. உங்களுக்கு எந்த அதிர்வெண்கள், எத்தனை வாட், எந்த வகை ஒலிபரப்பு என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒலிபரப்பு வகை என்பது ஏ3இ, ஜே3இ, எஃப்3இ, எஃப்1பி என்று மூன்று எழுத்துக் குறியாக இருக்கும். புரியாத குறி என்று தாண்டிப் போகாதீர்கள். கடைசி எழுத்தைப் பாருங்கள். 'இ' என்றால் குரல். 'ஏ' என்றால் காதால் கேட்டு எழுதும் மோர்ஸ். 'பி' என்றால் கருவி தானே வாங்கிக்கொள்ளும் தந்தி. 'டி' என்றால் தரவு. நடுவில் உள்ள எண் 3 என்றால் அனலாக், 1 அல்லது 2 என்றால் டிஜிட்டல். உங்கள் தாளில் உள்ள குறிகள் எல்லாம் 'இ' என்றே முடிந்தால், உங்களுக்குக் கொடுத்திருப்பது குரலுக்கான உரிமம். அதை வைத்துக்கொண்டு எஃப்டி8, பி.எஸ்.கே.31, ஆர்.டி.டி.ஒய். போன்ற டிஜிட்டல் முறைகள் எதையும் அனுப்ப முடியாது. ரெஸ்ட்ரிக்டட் உரிமக்காரர்கள் இந்த இடத்தில் இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கணினியின் ஒலியை மைக் செருகுமிடத்தில்தானே கொடுக்கிறேன், வானொலியின் கண்ணுக்கு அதுவும் குரல்தானே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமாகத் தோன்றும் வாதம், ஆனால் செல்லாது. ஒலி எந்த ஓட்டை வழியாக உள்ளே போனது என்பதை விதி கேட்பதில்லை. ஆன்டெனாவிலிருந்து என்ன புறப்பட்டது என்பதைத்தான் கேட்கிறது. எஃப்டி8-இல் புறப்படுவது எட்டு அதிர்வெண்களுக்கு இடையே தாவும் தரவு. அது 'இ' ஆகாது. "வி.யு.3 காரர்கள் பலர் அனுப்புகிறார்களே" என்பதும் எங்கும் செல்லாத பதில். உங்கள் தாளைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள், அடுத்தவர் தாளைப் பற்றி அல்ல.

சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் ஓர் ஊழியர் "பண்ணலாம் சார்" என்று சொன்னதை நம்பி அனுப்பிய ஒருவருக்குப் பின்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பண்ணலாம் என்று சொன்னவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் உரிம எண், அழைப்புக்குறி, அனுப்ப விரும்பும் முறையின் மூன்றெழுத்துக் குறி, அதிர்வெண் ஆகியவற்றை எழுதி, "இது என் உரிமத்தில் அடங்குமா" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். நான்கு கேள்விகள் கேட்டால் நான்குக்கும் பதில் வராது.

அடுத்தது அதிர்வெண் பட்டியல். எஃப்டி8 மென்பொருள் உலகம் முழுவதற்கும் எழுதப்பட்டது. 7.074, 14.074, 21.074 மெகாஹெர்ட்ஸ் என்று அதில் வரிசையாக இருக்கும். அதே வரிசையில் 5, 10, 50 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளும் இருக்கும். பட்டியலில் இருப்பதெல்லாம் உங்கள் உரிமத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றை மென்பொருளிலிருந்தே நீக்கிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் சுட்டி ஒரு வரி தவறினாலும் போதும். வாட் அளவும் அப்படியே. மேசை வானொலிகள் பெரும்பாலும் 100 வாட் தருபவை. ரெஸ்ட்ரிக்டட் உரிமத்தின் வரம்பு அதற்குக் கீழே. எஃப்டி8 தன் முறை வரும் ஒவ்வொரு 15 நொடிச் சுற்றிலும் ஏறக்குறைய 13 நொடி விடாமல் முழு ஆற்றலில் அனுப்பும். பேச்சைப் போல நடுவில் மூச்சு விடாது. வரம்பைக் குறைத்து வைத்தால் உரிமமும் காப்பாற்றப்படும், வானொலியும் காப்பாற்றப்படும்.

இந்த முறைகளில் மறைவு என்பது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குரலில் பேசினால் கேட்டவர் மறந்துவிடலாம். எஃப்டி8-இல் நீங்கள் அனுப்பியதை உலகெங்கும் உள்ள நிலையங்கள் வாங்கி, உங்கள் அழைப்புக்குறி, அதிர்வெண், நேரம் எல்லாவற்றையும் தாமாகவே ஒரு பொது இணையதள வரைபடத்தில் ஏற்றிவிடுகின்றன. அத்தோடு உங்கள் இடத்தைக் குறிக்கும் நான்கெழுத்துக் கட்டக் குறியும் போகிறது. மதுரை எம்.ஜே.99, கோவை எம்.கே.81, சென்னை என்.கே.03. உரிமத்தில் மதுரை வீட்டு முகவரி இருக்க, சென்னை விடுதி மாடியிலிருந்து கம்பி கட்டி என்.கே.03 என்று அனுப்பினால், முகவரி மாறியதற்கான ஆதாரத்தை நீங்களே உலகத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். வீடு மாறினால் முதலில் உரிமத்தில் முகவரியை மாற்ற விண்ணப்பியுங்கள். மாணவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் முதல் விண்ணப்பத்திலேயே யோசித்து, நிலையாகக் கடிதம் வந்து சேரும் முகவரியையும் நிலையம் அமையப்போகும் இடத்தையும் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள். நம் தஞ்சாவூர் மாணவரின் கோப்பு நின்றது இதனால்தான்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்தோடு 'க. செல்வி'. ஆதாரில் 'செல்வி கந்தசாமி'. பான் அட்டையில் 'கந்தசாமி செல்வி'. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தவருக்குத் தெரியாது. ஓர் அம்மாவின் விண்ணப்பம் இதற்காகவே இரண்டு முறை திரும்பியது. கட்டிய கட்டணம் போனது போனதுதான் என்று வேறு சொன்னார்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லா அடையாள ஆவணங்களிலும் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சான்றிதழில் என்ன பெயர் விழுகிறதோ அதுவே உரிமத்தில் விழும். பிறகு திருத்துவது, புதிதாகத் தொடங்குவதைப் போல இழுக்கும். கட்டணம் கட்டியதும் ரசீதைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள். பக்கம் பாதியில் நின்றால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். வங்கியில் பணம் போனதா என்று பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

என்ன அனுப்பலாம் என்பதிலும் இளைஞர்கள் தடுக்கி விழுகிறார்கள். மறைகுறியாக்கம் கூடாது. குரலை டிஜிட்டலாக அனுப்பும் டி.எம்.ஆர். கைப்பெட்டிகளில் ரகசியக் குறியீட்டு வசதி இருக்கும். அதை அணைத்தே வையுங்கள். கைப்பெட்டியை இணையத்தோடு இணைக்க வீட்டில் வைக்கும் சிறிய ஹாட்ஸ்பாட் கருவியும் ஒரு ஒலிபரப்பிதான், பொம்மை அல்ல. இணையத்தோடு அதை இணைப்பதற்கு முன் மேலே சொன்னதுபோல எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வணிகச் செய்தி, பாட்டு எதுவும் கூடாது. மூன்றாம் ஆளுக்கான செய்தியை அவர் சார்பில் அனுப்புவதும் சாதாரண நாட்களில் கூடாது. வானொலி வழியாக மின்னஞ்சல் அனுப்பும் வின்லிங்க் போன்ற முறைகளில் இது எளிதாக மீறப்பட்டுவிடுகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாட்களில் நாலு வரித் தரவு குரலைவிட நம்பகமாகப் போய்ச் சேரும். இரைச்சலுக்கு அடியில் புதைந்த குறியைக்கூட இந்த முறைகள் தோண்டி எடுத்துவிடும். உதவ நினைப்பவர்கள் புயல் வந்தபிறகு கிளம்பாதீர்கள். இப்போதே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு உங்கள் அழைப்புக்குறியோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேரிடரின்போது அவர்கள் எழுத்தில் கேட்டால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் செய்த பணி இன்றும் பேசப்படுகிறது. அவர் முன்கூட்டியே முறையான அனுமதியோடு அங்கே போய் நிலையம் அமைத்திருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்ட்டெ பல்கலைக்கழகத்தில் இணையம் வழியாக யாரும் வேண்டிய அதிர்வெண்ணுக்குத் திருப்பிக் கேட்கக்கூடிய அலைவாங்கி ஒன்று இருக்கிறது. உலாவியில் திறந்து 14.074-க்குத் திருப்பி, அந்த ஒலியைக் கணினிக்குள்ளேயே எஃப்டி8 மென்பொருளுக்குக் கொடுத்தால் அழைப்புக்குறிகள் வரிசையாக விழும். சொந்தப் பெட்டி வேண்டாம், ஆன்டெனா வேண்டாம். கணினிக் கடிகாரம் சில நொடிகள் பிசகினால் எதுவும் விழாது என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்வீர்கள்.

விண்ணப்பம் மூன்று மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால் அலுவலகப் படி ஏறாதீர்கள். பஸ் கட்டணமும் விடுமுறையும் போவதுதான் மிச்சம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இணையத்திலேயே மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: "என் விண்ணப்பம் எண் இன்னது. அது இன்றைய தேதியில் எந்த அதிகாரியின் மேசையில், எந்த நாளிலிருந்து இருக்கிறது? கோப்பில் இதுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தேவை." தஞ்சாவூர் மாணவருக்கு நானே இதை எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. திரும்பிப் போன அந்தக் கடிதத்தின் நகல் அதில் இருந்தது.