பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆச்சரியம் உண்மையாகவும் இருக்கட்டும்

"சார், சீனப் பெருஞ்சுவர் நிலாவுல இருந்து தெரியுமாமே?" வரலாறு எடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. அப்பா வாட்ஸ்அப்பில் காட்டினார் என்பார்கள். நிலாவிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனரான யாங் லிவெய், சில நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே தம் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நிலாவோ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

சின்ன வயதில் பதிந்த பொய்யை அப்புறம் அழிப்பது கடினம். பெற்றோர் இதில் கவனமாக இருக்க வேண்டும். பொய் சொல்லித்தான் பிள்ளைகளை வியக்க வைக்க வேண்டும் என்ற நிலையும் இல்லை.

எகிப்தின் பெரிய பிரமிடு கட்டப்பட்டுச் சுமார் 4,500 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது ரஷ்யாவின் வடக்கே, ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கல் தீவில் மாமத் எனும் ரோமம் அடர்ந்த பனியுக யானைகள் உயிரோடு திரிந்துகொண்டிருந்தன! பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது தீவில் தனியாக மாட்டிக்கொண்ட கூட்டம் அது. கடைசி மாமத்கள் அழிந்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புதான்.

இதைச் சொன்னதும் "எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உயிர் போனபின் எலும்பிலும் தந்தத்திலும் இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே வரும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே இது புரிகிறது. எந்தத் தகவலைச் சொன்னாலும், அது எப்படித் தெரிய வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிரிக்க வைக்க வேண்டுமா? 1932-ல் ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களை நாசமாக்கிய ஈமு பறவைகளை ஒழிக்க ராணுவத்தினர் இயந்திரத் துப்பாக்கிகளோடு போனார்கள். ஈமுக்கள் சிதறி ஓடிப் போக்குக் காட்டின, ராணுவம் திரும்பிவிட்டது. அத்தனையும் நிஜம்.

நெப்போலியன் குள்ளன் என்ற கதையையும் பலர் இன்னும் சொல்கிறார்கள். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதிவைத்தது பழைய பிரெஞ்சு அளவில். அந்த அங்குலம் ஆங்கிலேய அங்குலத்தைவிடப் பெரியது. கணக்குப் போட்டால் சுமார் 168 சென்டிமீட்டர் வரும். அன்றைய பிரெஞ்சுக்காரர்களில் அது குள்ளமே இல்லை. வீட்டுச் சுவரில் அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அப்பாவையும் மாமாவையும் இழுத்துவந்து நிறுத்தி அளப்பார்கள்.