விரல் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலையை விரல்களால் மெல்லத் தொட்டுச் செய்யும் கை சிகிச்சையான கிரேனியல் ஆஸ்டியோபதியும் அந்தச் செவுளில்தான் தொடங்கியது. 1899இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மாணவராக இருந்த வில்லியம் கார்னர் சதர்லேண்ட், தனித்தனியாகப் பிரித்து வைத்த மண்டையோட்டைப் பார்த்தார். பொட்டெலும்பின் ஓரம் மீன் செவுள் போலச் சரிந்திருந்தது. அப்படியானால் தலையும் மூச்சு விடுமோ என்று யோசித்தார்.

பிசியோதெரபிஸ்டான நான் இதைக் கற்கப் போனேன். தலைமாட்டில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றி, ஆள்காட்டி விரலைப் பொட்டில், நடுவிரலைக் காதுக்கு முன், மோதிர விரலைக் காதுக்குப் பின், சுண்டுவிரலைப் பிடரி எலும்பில் வைக்க வேண்டும். அழுத்தம் 5 கிராம், ஒரு நாணயத்தின் எடை. பிறகு காத்திருந்தால் தலை விரிந்து சுருங்கும் தாளம் கையில் படும் என்றார்கள்.

மூன்று பேர் மாறி மாறி ஒரே தலையைப் பிடித்தோம். ஒருவர் நிமிடத்துக்கு 7 என்றார், இன்னொருவர் 12. நான் உணர்ந்தது என் விரலின் நாடித்துடிப்போ என்னவோ! 1994இல் வெளியான ஓர் ஆய்விலும் இதே கதைதான்: ஒரே ஆளைத் தொட்ட பிசியோதெரபிஸ்டுகளின் எண்ணிக்கைகள் பொருந்தவில்லை. அதனால் அந்தத் தாளத்தை வைத்து நான் நோயைச் சொல்வதில்லை. மண்டையெலும்பை நகர்த்திச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் கற்கக் கொடுத்த காசு வீண் இல்லை. மெதுவாகத் தொடவும் பொறுமையாக இருக்கவும் அங்கேதான் பழகினேன். கடலில் பாசி எடுக்கப் போகும் அக்காமார்களுக்குப் பிடரித் தசை கல்லாக இறுகியிருக்கும். மண்டையோட்டு அடியில் விரல் நுனிகளைக் கொடுத்துச் சில நிமிடம் தாங்கினால் அது இளகும், சிலர் தூங்கியே விடுவார்கள். வலி குறைவது தசை தளர்வதால்தான் என்பது என் கணிப்பு.

ஆனால் கை வைக்குமுன் கேள்வி கேட்பேன். இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலியா? வாந்தி, பார்வை மங்கல், கை கால் மரத்தல் உண்டா? காய்ச்சலோடு கழுத்து விறைப்பா? தலையில் அடிபட்டதா? சங்கு குளித்து மேலே வந்த பிறகு தொடங்கியதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நேராக மருத்துவமனைதான்.

கைக்குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். உரம் (குழந்தைக்கு விழும் சுளுக்கு) எடுக்கும் பாட்டிகள் தலையை உருட்டிப் பிடிக்கும்போது உச்சிக்குழியை அழுத்திவிடக் கூடாது. முன் உச்சிக்குழி மூடப் பொதுவாக ஒன்றரை வயதாகும். காய்ச்சலில் அது புடைத்தாலோ, வயிற்றுப்போக்கில் உள்ளே குழிந்தாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

போன வாரம் ஓர் அக்கா படுக்கையில் ஏறிக்கொண்டே, "போன தடவையும் இதத்தான கேட்டீக தம்பி" என்றார். ஆமாக்கா, இந்தத் தடவையும் சொல்லுங்க என்றேன்.