கப்பலைக் காட்டிக்கொடுத்த ஞாபகங்கள்

கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் ஒன்றாகச் சேர்ந்த ஆளை நம் ஊரில் ‘சரியான எம்டன்’ என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே எம்டனின் கதையை முடித்தது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். பிற்பாடு அதே பெயர் சூட்டப்பட்ட இன்னொரு சிட்னி, இரண்டாம் உலகப் போரில் 645 பேருடன் கடலில் மறைந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அது எங்கே கிடக்கிறது என்பதே 66 ஆண்டுகளாகத் தெரியவில்லை.

1941 நவம்பர் 19, மாலை நேரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவுக்கு அப்பால் ஒரு டச்சு சரக்குக் கப்பலைச் சோதிப்பதற்காக சிட்னி நெருங்கியது. உண்மையில் அது சரக்குக் கப்பல் வேடம் போட்ட ‘கோர்மோரான்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல். ரகசிய அடையாளக் குறி கேட்கப்பட்டதும் அதனிடம் பதில் இல்லை. ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டுச் சுட ஆரம்பித்தது. இரண்டு கப்பல்களுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. அந்தத் தூரத்தில் குறி தப்பாது. டார்பிடோ ஒன்று சிட்னியின் முன்பகுதியைத் தாக்கியது. சிட்னி திருப்பிச் சுட்டதில் கோர்மோரானின் எஞ்சின் அறை பற்றிக்கொண்டது. சிட்னி எரிந்தபடியே தென்கிழக்குத் திசையில் மெல்ல விலகிப் போனது. கோர்மோரானில் ஏராளமான கண்ணிவெடிகள் இருந்ததால் மாலுமிகள் அதைக் கைவிட்டு, தாங்களே வெடிவைத்து மூழ்கடித்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பி ஆஸ்திரேலியாவின் போர்க் கைதிகளானார்கள்.

ஆக, நடந்ததைச் சொல்வதற்கு எதிரிகள் மட்டுமே மிஞ்சினார்கள்.

கோர்மோரானின் தலைவர் தியோடர் டெட்மர்ஸ், சண்டை நடந்த இடம் 26 டிகிரி தெற்கு, 111 டிகிரி கிழக்கு என்றார். கடலில் ஒரு டிகிரி அட்சரேகை என்பது 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கிலோமீட்டர். எண்ணை முழுதாக்கிச் சொன்னால் வடக்கிலோ தெற்கிலோ 55 கிலோமீட்டர் வரை பிசகலாம். கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட அவ்வளவு பிசகலாம். ‘இப்படி முழு எண்ணாகவா ஒரு கப்பல் தலைவர் சொல்வார்?’ என்று பலர் சந்தேகப்பட்டார்கள். மற்ற மாலுமிகளில் எழுபது பேருக்கு மேல் இடத்தைப் பற்றி ஏதோ ஒன்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு பொருந்தவில்லை. அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள், ஜப்பானிய நீர்மூழ்கிதான் சிட்னியை மூழ்கடித்தது என்றெல்லாம் கதைகள் கிளம்பின. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டேதான் காலத்தைக் கழித்தன.

இந்த இடத்தில் இரண்டு உளவியலாளர்கள் வருகிறார்கள்: கிம் கர்ஸ்னர், ஜான் டன். கப்பலைப் பற்றியோ கடலைப் பற்றியோ பேசும் தகுதி தங்களுக்கு இல்லை என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. நினைவு எப்படிச் சிதைகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த துறை. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் இதை 1932-லேயே காட்டியிருந்தார். அறிமுகமில்லாத ஒரு கதையை ஒருவருக்குக் கொடுத்து, அவர் நினைவிலிருந்து எழுதுவதை அடுத்தவருக்கு, அவர் எழுதுவதை அதற்கடுத்தவருக்கு என்று கைமாற்றிக்கொண்டே போனார். கதை சுருங்கியது, விவரங்கள் உதிர்ந்தன, புரியாத பகுதிகள் கேட்டவருக்குப் பழக்கமானவையாக உருமாறின. சிதைந்தாலும் ஒரு போக்கோடுதான் சிதைந்தது.

கோர்மோரானில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் நிற்கும் இடம் சரியாகத் தெரிந்தவர்கள் மேல்தளத்தில் நின்ற ஒரு சிலரே. எஞ்சின் அறைக்காரருக்கும் சமையல்காரருக்கும் அது படகிலும் மிதவையிலும் முகாமிலும் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. அப்படிப் பரவிய செய்தி எவ்வளவு முரண்படுமோ, அவ்வளவுதான் இந்த வாக்குமூலங்களும் முரண்பட்டன. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட பொய் என்றால் எல்லோரும் ஒரே எண்ணை ஒப்பித்திருப்பார்கள். எந்த முரண்பாட்டைக் காட்டி அவர்களைப் பொய்யர்கள் என்றார்களோ, அதுவே அவர்கள் உண்மை பேசியதன் தடயமாக ஆனது. இந்தத் தேடலில் என்னை ஆட்கொண்ட தருணம் இதுதான்.

அடுத்து, எந்த ஒருவரின் வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதிகமான வாக்குமூலங்களோடு ஒரே நேரத்தில் ஒத்துப்போகும் புள்ளி எது என்று கணக்கிட்டார்கள். பிழைகள் எல்லாத் திசைகளிலும் சிதறியிருந்தால் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடும். நடுவில் மிஞ்சுவது உண்மைக்கு அருகில் இருக்கும்.

கடலும் சாட்சி சொன்னது. நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று இன்னொரு பக்கம் தள்ள, மிதக்கும் பொருள் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் போகும். நீருக்கு மேலே எவ்வளவு உயரம் தெரிகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பொருளையும் காற்று வெவ்வேறு வேகத்தில் தள்ளும். எந்தப் படகு எந்த நாளில் எங்கே மீட்கப்பட்டது என்ற பதிவுகள் இருந்தன. அந்தப் புள்ளிகளிலிருந்து காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால், எல்லாம் புறப்பட்ட இடத்தின் எல்லை சுருங்கிக்கொண்டே வரும்.

சிதைந்த கப்பல்களைத் தேடுவதில் பேர்போன டேவிட் மேர்ன்ஸ் ஆவணங்களைத் தோண்டினார். போர்க் கைதியாக இருந்த டெட்மர்ஸ், ஓர் அகராதியின் எழுத்துகளுக்கு அடியில் பென்சிலால் நுண்ணிய புள்ளிகள் இட்டு, சண்டையின் விவரத்தை ரகசியமாகப் பதிந்து வைத்திருந்தார். ஆஸ்திரேலியர்கள் படிப்பதற்காக அவர் அதை எழுதவில்லை. அதிலும் அதே கதைதான் இருந்தது.

2008 மார்ச் மாதம் ‘ஜியோசவுண்டர்’ கப்பல் கடலுக்குப் போனது. அங்கே ஆழம் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். ஒளி அவ்வளவு தூரம் ஊடுருவாது, ஒலி ஊடுருவும். பக்கவாட்டு சோனார் கருவியை நீண்ட கம்பிவடத்தில் கட்டி, கடலடிக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டு போவார்கள். அது இரு பக்கமும் ஒலித்துடிப்புகளை அனுப்பும். சேறு ஒலியை மங்கலாகவும், இரும்பு பலமாகவும் திருப்பி அனுப்பும். உயர்ந்து நிற்கும் பொருளுக்குப் பின்னால் ஒலி விழாத பகுதி நிழலாகத் தெரியும்; நிழலின் நீளத்தை வைத்துப் பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலியை நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். அதனால் முதலில் தாழ்ந்த அதிர்வெண்ணில் அகலமாகத் துழாவி, சந்தேகத்துக்குரிய இடத்துக்கு மட்டும் உயர்ந்த அதிர்வெண்ணோடு திரும்புவார்கள். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருப்பதைத் தொட்டுத் திரும்ப நான்கு நொடி ஆகும். எனவே கப்பல் நடை வேகத்தில்தான் நகர வேண்டும்.

மார்ச் 12 அன்று கோர்மோரான் கிடைத்தது, டெட்மர்ஸ் சொன்ன புள்ளியிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டரில். முழு எண்ணாகச் சொன்ன அந்த எண்கள் அநேகமாகச் சரி. நான்கே நாளில், அதற்குத் தென்கிழக்கே சுமார் 21 கிலோமீட்டரில் சிட்னியும் கிடைத்தது. எரிந்தபடி விலகிப்போனதாக மாலுமிகள் சொன்ன திசை அதேதான். கர்ஸ்னரும் டன்னும் தேடலுக்கு முன்பே குறித்துவைத்திருந்த புள்ளியும் கப்பல்கள் கிடந்த பகுதிக்கு அருகிலேயே இருந்தது.

2,468 மீட்டர் ஆழத்தில் சிட்னி நிமிர்ந்து அமர்ந்திருந்தது. டார்பிடோ பட்ட முன்பகுதி பிய்ந்து தனியாகக் கிடந்தது. பிழைத்தவர்கள் சொன்ன இடங்களில் குண்டுத் துளைகள் இருந்தன.

1942 பிப்ரவரியில், கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர் வடக்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு ஒரு மிதவை ஒதுங்கியது. அதில் சிட்னி மாலுமி ஒருவரின் உடல். சண்டை நாளிலிருந்து எண்ணினால் 79 நாள், நாளொன்றுக்கு 23 கிலோமீட்டர் வீதம். தென்கிழக்குக் காற்று தள்ளும் மிதவைக்கு அது சாத்தியமான வேகம். தீவிலேயே புதைக்கப்பட்ட அந்த உடலை 2006-இல் தோண்டியெடுத்து மரபணுவை ஆராயத் தொடங்கினார்கள். 2021 நவம்பரில் ஆஸ்திரேலியக் கடற்படை பெயரை அறிவித்தது: தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். இறந்தபோது வயது 21.