பேனரில் இருக்கும் 44 லட்சத்தை விடுங்கள், நடுவில் நிற்கும் மாணவனைப் பற்றிக் கேளுங்கள்

"டீம்டுல சி.எஸ்.இ. கிடைச்சிருக்கு சார். கவுன்சிலிங்ல போனா அரசு உதவி பெறும் கல்லூரியில இ.சி.இ. வரும்னு சொல்றாங்க. எதை எடுக்கலாம்?" போன வாரம் ஒரு தந்தை கேட்டார். டீம்டு என்றால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சி.எஸ்.இ. கணினி அறிவியல், இ.சி.இ. மின்னணுவியல் பிராஞ்ச். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டிட்டோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க" என்றார். ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்டேன். "44 லட்சம் பேக்கேஜ் கொடுத்திருக்காங்க சார், பேனர்லயே போட்டிருக்கு."

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகள் பிளேஸ்மென்ட் பிரிவின் வேலையையும் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் இதே கேள்வி வருகிறது, அட்வான்ஸ் கட்டிய பிறகே வருகிறது. கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

முதலில் அந்த 44 லட்சம் ஆண்டுச் சம்பளம். அதை வாங்கியவர் ஒரே ஒரு மாணவர். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் ஒருவர். அவர் முதலாண்டிலிருந்தே போட்டித் தேர்வுகளிலும் புராஜெக்டுகளிலும் மூழ்கிக் கிடந்திருப்பார். வேறு கல்லூரியில் இருந்திருந்தாலும் பெரும்பாலும் அதே வேலைக்குப் போயிருப்பார். அவருக்குக் கிடைத்ததை வைத்து உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்? தவிர, அந்தத் தொகை சி.டி.சி., அதாவது நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு. நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும் பங்குகள், சேரும்போது ஒரே முறை தரும் போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துச் சொல்லும் எண் அது. மாதா மாதம் வங்கிக் கணக்கில் விழுவது வேறு.

அடுத்து "95 சதவீதம் பிளேஸ்மென்ட்". இதை நம்பித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு துறையில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரியர் இருப்பவர்கள், பத்தாம் வகுப்பிலிருந்து எங்காவது அறுபது சதவீதத்துக்குக் கீழே போனவர்கள், பிளேஸ்மென்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள், இவர்களையெல்லாம் கழித்த பிறகு "தகுதியானவர்கள்" 70 பேர். அதில் 63 பேருக்கு வேலை. 63-ஐ 70-ஆல் வகுத்தால் 90 சதவீதம். 120-ஆல் வகுத்தால் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டும் உண்மையான எண்கள்தான். விளம்பரத்துக்கு வருவது முதல் எண் மட்டும். சில இடங்களில் ஆட்களை எண்ணாமல் ஆஃபரை எண்ணுகிறார்கள். ஒரே மாணவிக்கு மூன்று நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்தால் அது மூன்று. படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத விற்பனை வேலையும் அதே பட்டியலில்தான் வரும். ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வேலையில் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் அந்தச் சதவீதத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தத் துறையில், வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவனுக்கு என்ன கிடைக்கிறது?

இதற்குப் பாதி பதில் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுத்த விவரத்தைத் தங்கள் தளத்திலும் போட வேண்டும். அதில் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைப் பாருங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கே ஆண்டுகளில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்கு எத்தனை பேர் என்று வரிசையாக இருக்கும். இடைநிலை என்பது சராசரி இல்லை. சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண். 44 லட்சக்காரர் அதை அசைக்க முடியாது. கல்லூரியே கொடுத்த எண்கள் இவை, முழுக் கல்லூரிக்குமானவை. துறைவாரியான கணக்கை நேரில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொடுக்கத் தயங்கினால் எச்சரிக்கையாகுங்கள்.

தரவரிசை எண்ணையே வைத்து முடிவெடுக்க வேண்டாம். பொறியியல் பிரிவில் 30 சதவீத மதிப்பெண் ஆராய்ச்சிக்கும், 10 சதவீதம் கல்லூரியைப் பற்றி மற்றவர்கள் வைத்திருக்கும் எண்ணத்துக்கும் போகிறது. ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தால் இடம் உயரும். உங்கள் பிள்ளையின் இரண்டாம் ஆண்டு வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு தரும் ஏ பிளஸ் பிளஸ் என்பது முழு நிறுவனத்துக்கான சான்று. என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, காலாவதித் தேதியும் உண்டு. நீங்கள் சேரப்போகும் பிராஞ்சுக்கு இருக்கிறதா என்று என்.பி.ஏ. தளத்திலேயே பாருங்கள்.

இப்போது எனக்கு அதிகம் கவலை தருவது ஆசிரியர்கள்தான். 2024-25 முதல், தரமானவை என்று கருதப்படும் கல்லூரிகளில் ஒரு பிராஞ்சுக்கு இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. சி.எஸ்.இ.யும் அதன் கிளைப் பெயர்களும் பெருகின. இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அத்தனை ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்த விவகாரம் 2024-இல்தான் வெளியே வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வேலை நாளில் கல்லூரிக்குப் போங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். கேன்டீன் பக்கம் நின்று மூன்றாமாண்டு மாணவர்களிடம் பேசுங்கள்: இந்த செமஸ்டரில் எத்தனை ஆசிரியர்கள் பாதியில் போனார்கள், லேபில் எத்தனை பேருக்கு ஒரு உபகரணம், இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரி ஏற்பாடு செய்ததா, நீங்களே தேடினீர்களா? அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால், தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரியும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் கேள்வித்தாளைத் தாங்களே தயாரித்து, தாங்களே திருத்துகின்றன. அங்கே வாங்கும் 9 சி.ஜி.பி.ஏ.வை (சராசரி மதிப்பெண் புள்ளி) இணைப்புக் கல்லூரியில் வாங்கும் 8-உடன் ஒப்பிடாதீர்கள்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,200 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை நான் சேர்க்கவில்லை. இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 4 லட்சம் என்றால் பிள்ளையின் கைக்கு வருவதில் பாதியோ பாதிக்குச் சற்றுக் குறைவோ கடனுக்கே போகும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், அதில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்பதும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை.

அட்வான்ஸ் கட்டியவர்களே, பயந்து அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை, 2018-லேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும் தரச் சொன்னார்கள். இந்த ஆண்டுக்கான தேதியை யு.ஜி.சி. தளத்தில் பாருங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்மொழியாகச் சொன்னால் சாட்சி இருக்காது. மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுங்கள். ரசீது தராத பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992 சட்டமே தடை செய்கிறது.

கவுன்சிலிங் விருப்பப் பட்டியலுக்கு வருவோம். கிடைக்குமா என்று யோசித்து வரிசை போடாதீர்கள், பிடித்த வரிசையில் போடுங்கள். ஒதுக்கீடு வந்த பிறகு மேல்நோக்கிய நகர்வு கேட்டால், அந்த இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியவற்றில்தான் வாய்ப்பு. கீழே எழுதியது திரும்பி வராது. பட்டியலை பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் அவரிடம் கொடுக்காதீர்கள். அருகிலுள்ள கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போங்கள். பிள்ளையையே உட்கார்ந்து நிரப்பச் சொல்லி, லாக் செய்வதற்கு முன் கல்லூரிக் குறியீட்டு எண்களை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன.