கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் பழைய மடல்கள்: மூலக் கோப்பைக் கைவிடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர், சென்ற ஆண்டு ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒன்பது சிடிக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் மேல் கறுப்பு மார்க்கரால் ‘மடல்கள் 2001–2004’ என்று எழுதியிருந்தது. “வீட்ல இதையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போடலாம்னு சொல்றாங்க தம்பி. நீ ஒருதரம் பார்த்துட்டுச் சொல்லு” என்றார். பாலக்காட்டு எல்லைத் தமிழில் ஆசிரியரை மாஷ் என்றுதான் அழைப்போம். கணினியின் திரையில் தமிழ் தெரிவதே வியப்பாக இருந்த அந்நாளில், மேசைக்கணினி மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிய தன்னார்வலர்களில் எங்கள் மாஷும் ஒருவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

நான் சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன். பாலக்காட்டிலும் கோவையிலும் உள்ள சில நிறுவனங்களின் கணினிகளைக் கவனித்துக்கொள்வதோடு, எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் இரண்டின் சர்வர்களையும் ஊதியமின்றிப் பார்த்துவருகிறேன். இத்தனை ஆண்டுகளில், நிரல் முற்றாகத் தொலைந்துபோன திட்டம் என்று ஒன்றிரண்டைத்தான் கண்டிருக்கிறேன். யாராவது ஒருவரின் கணினியில் ஒரு நகல் இருந்துவிடும். ஆனால் அந்த நிரலை எழுதியவர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட மடல்கள் தொலைந்த திட்டங்களை எண்ணி மாளாது. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த யோசனை எதற்காகக் கைவிடப்பட்டது, ஒரு கலைச்சொல்லை யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பவையெல்லாம் நிரலுக்குள் இருப்பதில்லை. ஒருவர் எழுதுவது உறுப்பினர் அனைவருக்கும் போய்ச் சேரும் மின்னஞ்சல் குழுவான மடற்குழுவில், மடலும் பதில்களுமாக நீளும் இழைகளில்தான் இருக்கின்றன. அவை போனபின் புதிதாக வருபவர், முன்பே தீர்ந்த வாதத்தை முதலிலிருந்து தொடங்குகிறார். சில வேளைகளில், முன்னவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டு விலக்கிய தவற்றையே மறுபடி செய்கிறார்.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. உயிரொலி சேராத மெய்யைக் காட்டும் மலையாளச் சில்லெழுத்துகளுக்கு, உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யுனிகோடு முறையின் 2008இல் வெளிவந்த 5.1 பதிப்புதான் தனிக் குறியெண்களைத் தந்தது. அதற்கு முன்னர் மெய்க்குரிய எழுத்து, நம் புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றையும் சேர்த்தே சில்லை எழுதினார்கள். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு. பழைய பட்டியலில் ஒரு பெயரைத் தேடி, அது கண்முன்னே இருந்தும் தேடலில் சிக்காமல் திணறிய அலுவலர்கள் பலருக்கு நான் இதை விளக்க நேர்ந்திருக்கிறது. இந்த மாற்றம் தேவையா என்று நடந்த நீண்ட வாதத்தில், யுனிகோடு அமைப்புக்கு அளிக்கப்பட்ட ஆவணங்கள் ஒரு பங்கு என்றால், மின்மடல்கள் இன்னொரு பெரும் பங்கு. அந்த மடல்கள் இல்லாமல், இரண்டு வடிவங்கள் ஏன் உள்ளன என்பதை இன்று ஒரு மாணவருக்கு முழுமையாக விளங்கவைக்க முடியாது.

இணையத்தில் ஏறியது அழியாது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. யாகூ நிறுவனத்தின் மடற்குழுச் சேவையான யாகூ குரூப்ஸ் மூடப்பட்ட விதத்தை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அம்மாதம் 28ஆம் தேதியோடு புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் போயிற்று. சேர்த்துவைத்தவை டிசம்பர் 14 அன்று நீக்கப்படும் என்றார்கள். பயனர்கள் எழுப்பிய குரலால் தங்கள் தரவைக் கேட்டுப் பெறும் கெடு 2020 ஜனவரி 31 வரை நீண்டது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. தமிழ்க் கணிமையின் தொடக்க காலத்தில் யாகூ குழுக்களில் எழுதப்பட்டவை எவ்வளவோ. நம்மில் பலர் அந்த அறிவிப்பையே பார்க்கவில்லை, ஏனென்றால் அது போய்ச் சேர்ந்தது நாம் எப்போதோ கைவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரிகளுக்கு.

சிறிய அளவில் நடப்பவை செய்தியாவதே இல்லை. நான் உதவிய ஒரு திட்டத்தின் மடல்கள், ஒரு தனியார் சர்வர் நிறுவனத்தில் இருந்தன. ஆண்டுக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டிவந்த நண்பர் வேலை மாறினார். நினைவூட்டல்கள் அனைத்தும் அவருடைய பழைய அலுவலக முகவரிக்குப் போயின. கணக்கு முதலில் முடங்கியது, ஒரு மாதம் கழித்து அழிக்கப்பட்டது. நாங்கள் தொடர்புகொண்டபோது பேக்கப் எதுவும் இல்லை என்ற பதில் மட்டும் வந்தது. எட்டு ஆண்டுகளின் பேச்சு ஒரு மாதத்தில் போயிற்று. அன்றிலிருந்து, எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் நான் முதலில் கேட்பது மடல்களின் மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

மூலக் கோப்பு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மடற்குழுக்களில் பெரும்பாலானவை மெயில்மேன் என்ற மென்பொருளின் இரண்டாம் தலைமுறையில் ஓடின. அதிலுள்ள பைப்பர்மெயில் என்ற பகுதி, வந்த மடல்களை மாதவாரியாக வலைப்பக்கங்களாக்கி வைக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் பதிவிறக்கம் செய்துகொள்ள ஓர் உரைக்கோப்பும் தரும். அந்த உரைக்கோப்புகளை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு, காப்பகம் பத்திரமாகிவிட்டது என்று நிம்மதியடைபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உண்மையில் அதில், அனுப்பியவர், நாள் போன்றவற்றைக் காட்டும் தலைப்பு வரிகளில் ஐந்தாறுதான் இருக்கும். மின்னஞ்சல் முகவரிகளின் இடைக்குறியான @, சொல்லாக மாற்றப்பட்டிருக்கும். மடலோடு சேர்த்தனுப்பிய இணைப்புக் கோப்புகள் வெட்டியெடுக்கப்பட்டு, அவை இருந்த இடத்தில் ஒரு சுட்டி மட்டும் நிற்கும். சர்வர் மறைந்த நாளில் அந்தச் சுட்டியும் செத்துவிடும். திட்டத்தின் திருத்தங்கள் இணைப்புகளாக அனுப்பப்பட்டிருந்தால், பேச்சு மிஞ்சும், பேசப்பட்ட பொருள் மிஞ்சாது. முழு மடல்கள், வந்தது வந்தபடியே, எம்பாக்ஸ் என்ற வடிவில் சர்வருக்குள் தனி அடைவில் இருக்கின்றன. வெளியிலிருந்து பொதுவாக அது தெரியாது. நிர்வாகியின் கடவுச்சொல் தெரிந்தவர் உள்ளே போய் எடுத்தால்தான் உண்டு. அந்த நிர்வாகி இன்னும் தொடர்பில் இருக்கும்போதே அதை எடுத்துவிட வேண்டும்.

எம்பாக்ஸ் மிக எளிய வடிவம். மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மடலும் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் கொண்ட வரியோடு தொடங்கும். மடலின் உள்ளேயே ஒரு வரி அதே சொல்லோடு தொடங்கினால், குழப்பம் வராதிருக்க அதன் முன் ஓர் அம்புக்குறி சேர்க்கப்படும். எல்லாப் பழைய மென்பொருள்களும் இதைச் சரியாகச் செய்யவில்லை. ஒருமுறை நான் பிரித்தெடுத்த கோப்பில் பதினொரு மடல்கள் கூடுதலாக வந்தன. தேடிப் பார்த்தபோது, அப்படித் தொடங்கிய வாக்கியங்கள் பதினொன்று தனி மடல்களாக உடைந்திருந்தன. எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த உடைசல் அப்படியே நிலைத்திருக்கும்.

ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் மெசேஜ்-ஐடி என்றொரு அடையாளம் இருக்கும். இந்த மடல் எந்த மடலுக்குப் பதில் என்பதும் அந்த அடையாளத்தைக் கொண்டே குறிக்கப்படும். இழையை மீண்டும் கோத்தெடுக்க உதவும் நூல் அதுதான். வலைப்பக்கத்தை மட்டும் நகலெடுத்தால் அந்த நூல் பெரும்பாலும் அறுந்துவிடும். தேதியை நம்பி வரிசைப்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்துபோன கணினியிலிருந்து வந்த மடல், 1980 ஜனவரி 1 என்று தேதியிட்டு நிற்கும். அத்தகைய மடலில், இடையிலிருந்த சர்வர்கள் பதித்த பெறுநேர வரிகளைப் பார்த்து உண்மையான நாளை அறியலாம். அறிந்ததைத் தனிப் பட்டியலில் குறித்துவையுங்கள். மடலின் உள்ளே கைவைத்துத் திருத்தாதீர்கள்.

பழைய வலைப்பக்க முகவரிகள் மாறாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். பைப்பர்மெயில் தன் பக்கங்களுக்கு வரிசை எண்ணையே பெயராக வைக்கிறது. யாரோ ஒருவர் கேட்டார் என்று மூலக் கோப்பிலிருந்து ஒரே ஒரு மடலை நீக்கிவிட்டு, பக்கங்களை மறுபடி உருவாக்கினால், அதற்குப் பின்வரும் மடல்களின் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். நிரலின் குறிப்புகளிலும் வழுப் பதிவுகளிலும் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த சுட்டிகள், அதன்பின் வேறு யாரோ எழுதிய வேறு மடலைத் திறக்கும். பக்கமே கிடைக்காமல் போவதைவிட இது கொடிது, ஏனெனில் படிப்பவருக்குத் தவறு நேர்ந்ததே தெரியாது. மெயில்மேனின் இரண்டாம் தலைமுறை, பைத்தான் 2 என்ற நிரல்மொழியைச் சார்ந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆகவே பல திட்டங்கள் மூன்றாம் தலைமுறைக்கு மாறின, மாறியும் வருகின்றன. அங்கே முகவரிகளின் அமைப்பே வேறு. மாறுவோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பழைய பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். அவற்றுக்குப் பின்னால் எந்த மென்பொருளும் ஓட வேண்டியதில்லை. அவற்றை அப்படியே பழைய முகவரியில் விட்டுவையுங்கள். லினக்ஸ் கருநிரல் திட்டத்தார் 2018இல் தொடங்கிய லோர் என்ற காப்பகம், மெசேஜ்-ஐடியையே முகவரியாகக் கொண்டது. அதன் அடியிலுள்ள பப்ளிக்-இன்பாக்ஸ் மென்பொருள், மடல்களை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியமாக வைப்பதால், விரும்பும் எவரும் முழுக் காப்பகத்தையும் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குவோர் பின்பற்றத்தக்க வழி இது என்பது என் கருத்து. 2002இல் தொடங்கி ஆயிரக்கணக்கான மடற்குழுக்களைத் தாங்கிய ஜிமேன் என்ற காப்பகச் சேவையின் வலைமுகப்பு 2016இல் நின்றபோது, எண்களால் ஆன அதன் சுட்டிகள் எத்தனையோ திட்டங்களின் வரலாற்றில் ஒரே நாளில் பயனற்றுப்போனதை நாம் பார்த்தோமே.

மாஷின் சிடிக்கு வருகிறேன். அதன் வெளி விளிம்பு சிதைந்திருந்தது. படிக்க முடியாத பகுதிகளைத் தாண்டித் தாண்டி நகலெடுக்கும் கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் திறந்தேன். திரையில் ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் பின்னக் குறிகளுமாக வந்து நின்றன. அந்த உருவத்தைப் பார்த்ததும் அது, யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளுக்கு எண் தந்த குறிமுறைகளில் ஒன்றான திஸ்கி என்று புரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற குறிமுறைகளைப் பரிந்துரைத்த காலத்திலும், இணையத்தில் எழுதியவர்களில் பலர் திஸ்கியிலேயே எழுதினார்கள். இணையத்தின் குறிமுறைப் பட்டியலில் திஸ்கி என்ற பெயர் முறையாகப் பதிவானது 2007இல்தான். அதற்கு முந்திய மடல்கள், தலைப்பில் தம்மை ஐரோப்பிய எழுத்து என்றோ, பயனர் வரையறுத்த எழுத்து என்றோதான் அறிவித்துக்கொண்டன. இந்தப் பொய்யான அறிவிப்பை நம்பி, புதிய காப்பக மென்பொருள் மடல்கள் அனைத்தையும் யுனிகோடாக மாற்றிவிட்டால் தமிழ் முழுதும் குப்பையாகும். அந்தக் குப்பையையும் பல வேளைகளில் பின்னோக்கி மாற்றி மீட்கலாம். ஆனால் இடையில் ஏதேனும் ஒரு மென்பொருள், தனக்குப் புரியாத எழுத்துகளுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டால் அதன்பின் மீட்சி இல்லை.

திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். ‘கோ’ என்று எழுதினால் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால். யுனிகோடிலோ ககரம் முதலில், அதன் பின்னரே உயிர்க்குறி. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஐகான்வ் என்ற கருவிக்குத் திஸ்கி தெரியும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலை அதற்குக் கொடுத்தேன். கொம்பும் காலும் தத்தம் எழுத்தோடு சேர்ந்து, மாஷ் 2003இல் எழுதிய மடல் திரையில் தமிழாக வந்து நின்றது. கோப்பைப் பதிவுசெய்யும் கட்டளைக்குச் ‘சேமி’ என்றே வைக்கவேண்டும் என்றும், அது பணத்துக்குரிய சொல்லாயிற்றே என்று ஒருவர் எழுப்பிய தடைக்கு, நெல்லையும் சேமிக்கிறோம், நீரையும் சேமிக்கிறோம் என்றும் அவர் விடையிறுத்திருந்தார். மாஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டுமுறை படித்தார்.

படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கையொப்பத்தில் இருக்கும் தம் வீட்டுத் தொலைபேசி எண்ணை மறைக்க முடியுமா என்பது. கேட்கவேண்டிய கேள்விதான். இருபது ஆண்டுகளுக்கு முன் ஐம்பது பேர் படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதை, இன்று தேடுபொறி உலகத்துக்கே காட்டும். மூலக் கோப்பை மாற்றாமல் பூட்டிவைத்து, பொதுவில் காட்டும் நகலில் தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் மறைப்பதே நான் கடைப்பிடிக்கும் முறை. ஒருவர் தம் மடலையே எடுக்கச் சொன்னால், அந்த இடத்தில் ‘எழுதியவர் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது’ என்ற குறிப்பை வைத்து எண்வரிசையைக் காப்பாற்றுகிறேன்.

நகல்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: மூன்று வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்கவேண்டும், கோப்பு சிறிது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத் தொகையை ஒவ்வொன்றுக்கும் குறித்துவைக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலக்காட்டு நகரத்தில் தரைத்தளத்தில் இருந்த கணினிகள் என்னவாயின என்பதைப் பார்த்த பிறகு, என் நகல்களில் ஒன்றைக் கணவாய்க்கு அப்பால் கோவையில் வைத்திருக்கிறேன்.

மாஷின் தொகுப்பில் 2002 ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மடல்கள் சிடியின் சிதைந்த பகுதியோடு போய்விட்டன. அக்குழுவில் இருந்தவர்கள் சித்தூரிலும் வேலந்தாவளத்திலும் பொள்ளாச்சியிலும் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார் அவர். ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இது எங்கள் குழுவுக்கு மட்டும் உரியதன்று. ஏதேனும் ஒரு திட்டத்தின் மடல்கள் வந்துகொண்டிருந்த கணினி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், மின்னஞ்சல் மென்பொருள்களான அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் கோப்புகளையோ தண்டர்பேர்டின் மெயில் அடைவையோ முதலில் அப்படியே நகலெடுங்கள். தண்டர்பேர்டில் அழித்த மடல்கள்கூட, அடைவைச் சுருக்கும் கட்டளையைக் கொடுக்கும்வரை கோப்புக்குள்ளேயே கிடக்கும். எனவே நகலெடுத்து முடிக்கும்வரை அதைத் திறக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.